ஏற்காடு மலையும் ஏறாத கணக்கும்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் முக்கி முனகி மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மேலே ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது கொஞ்சம் உற்சாகம், மணிக்கு 30. போக வர சராசரி வேகம் எவ்வளவு?

'இருபதும் முப்பதும் ஐம்பது, அதில் பாதி இருபத்தைந்து' என்று மனசுக்குள் சொல்லிவிட்டீர்களா? வருத்தப்படாதீர்கள், படித்தவர்களே அப்படித்தான் சொல்வார்கள். விடை 24. ஏற ஒன்றரை மணி, இறங்க ஒரு மணி, ஆக 60 கிலோமீட்டருக்கு இரண்டரை மணி நேரம். மெதுவாகப் போன வேகத்தில்தான் பஸ் அதிக நேரம் ஓடியிருக்கிறது. அதனால் சராசரி அந்தப் பக்கம் சாய்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

ஊர்ப் பெயரையும் வண்டியையும் மாற்றிப் போட்டால், இதே கணக்கு அமெரிக்காவில் எம்.பி.ஏ. சேர எழுதும் ஜிமேட் தேர்வுக்கான கைடுகளில் இருக்கிறது. ஜி.ஆர்.இ. கைடில் இருக்கிறது. நம்ம ஊர் ஐ.ஐ.எம்.களில் சேர எழுதும் கேட் தேர்வுக்கான கோச்சிங் நோட்ஸிலும் இருக்கிறது. அவர்கள் இதை 'வேர்ட் பிராப்ளம்' என்பார்கள். நம் தாத்தாக்கள் வைத்த பெயர், வழிக்கணக்கு.

இந்த வழிக்கணக்குக்கு ஒரு பழைய சரித்திரம் இருக்கிறது. அதில் ஒரு முக்கியமான பக்கம், நம்புங்கள், ஏற்காட்டு மலையோடு சம்பந்தப்பட்டது.

ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் எம்.டி. காக்பர்ன். உள்ளூர்க்காரர்கள் டேவிட் காக்பர்ன் என்பார்கள். 1820 முதல் 1829 வரை கலெக்டர். 'ஏற்காட்டின் தந்தை' என்று பட்டமே உண்டு. சேர்வராயன் மலையின் குளிரைப் பார்த்ததும் வெள்ளைக்காரருக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது போல. காப்பி, பேரிக்காய், ஆப்பிள் என்று வரிசையாக நட்டுப் பார்த்தார். டூரிஸ்ட் கைடுகள் அத்தோடு அவரை விட்டுவிடும். ஆனால் காப்பிச் செடியோடு அவருடைய கதை முடியவில்லை.

1822-ம் வருஷம் ஜூன் மாதம், சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ ஒரு உத்தரவு போட்டார். ஒவ்வொரு ஜில்லா கலெக்டரும் தன் ஜில்லாவில் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள், என்னென்ன ஜாதி, ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று கட்டம் போட்டு எழுதி அனுப்ப வேண்டும். சேலம் ஜில்லாவின் கட்டத்தை நிரப்பி 1823-ல் அனுப்பிவைத்தவர் இதே காக்பர்ன்தான்!

எல்லாக் கட்டங்களையும் கூட்டி மன்றோ 1826-ல் எழுதிய குறிப்பில் வரும் எண்ணிக்கை: 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளிக்கூடம். இவ்வளவு பேரில் பெண் குழந்தைகள் 4,540 பேர்தான். இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து 1983-ல் புத்தகமாகப் போட்டார் தரம்பால். அவர் கணக்குப்படி, சேலம் ஜில்லாப் பள்ளிகளில் படித்தவர்களில் கிட்டத்தட்ட 70 சதவிகிதம் பேர் அந்தக் கட்டத்தில் 'சூத்திரர், மற்ற ஜாதியார்' என்று குறிக்கப்பட்டவர்கள். பிராமணப் பிள்ளைகளுக்கு மட்டுமே படிப்பு இருந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது ஓர் அதிர்ச்சி. அதற்காக 'அந்தக் காலத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது' என்று மீசை முறுக்குகிறவர்கள், அந்த 4,540-ஐ இன்னொரு முறை பார்த்துவிட்டு முறுக்கலாம்.

இந்தத் திண்ணைப் பள்ளிகளில் என்ன சொல்லிக் கொடுத்தார்கள்? மணலில் விரலால் எழுத்து. அதற்கப்புறம் பெரும்பாலும் கணக்கு, கணக்கு, கணக்குதான். எண்சுவடியைக் கூட்டமாகப் பாடி மனப்பாடம் பண்ண வேண்டும். சட்டாம்பிள்ளை முன்னால் சொல்ல, மற்றவர்கள் பின்னால் சொல்ல வேண்டும். (பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லித்தரும் இந்த முறையைச் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியில் நடத்திக் காட்டிய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், அதையே 'மெட்ராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அது தனிக் கதை.)

பின்னங்களுக்கு நம்மிடம் இருந்த பெயர்களைக் கேட்டால் இன்றைக்குத் தலை சுற்றும். 20-ல் ஒரு பங்கு மா. 80-ல் ஒன்று காணி. 160-ல் ஒன்று அரைக்காணி. 320-ல் ஒன்று முந்திரி. அந்த முந்திரியையும் 320-ஆக நறுக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400-ல் ஒரு பங்கு! இவ்வளவு பொடிப்பொடியாக எதற்கு என்று கேட்கலாம். கோயில் நிலத்தில் பங்கு, குத்தகை நெல்லில் பங்கு, வாய்க்கால் தண்ணீரில் பங்கு... ஊர் வாழ்க்கையே பங்குதானே. நெல்லளவும் இதே மாதிரிதான். 8 நாழி ஒரு குறுணி, 2 குறுணி ஒரு பதக்கு, 2 பதக்கு ஒரு தூணி, 3 தூணி ஒரு கலம். ஆக, கலத்துக்கு 96 நாழி. ஒரு கலம் நெல்லை 8 பேருக்குச் சமமாகக் கூலியாக அளக்கணும் என்றால் ஆளுக்கு ஒரு குறுணி, நாலு நாழி. களத்துமேட்டில் நின்றுகொண்டு, பேப்பர் பேனா இல்லாமல், கூலிக்காரர் முகத்தைப் பார்த்து இதைச் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் மார்க் குறையாது, சண்டை வரும்.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் ஒரு கைடு இருந்தது. கணக்கதிகாரம் என்று பெயர். கொறுக்கையூர்க் காரி நாயனார் பாட்டாகவே எழுதிவைத்த நூல். தஞ்சை சரசுவதி மகால் நூலகம் பதிப்பித்திருக்கிறது. நிலம் அளக்க, பொன் எடை பார்க்க, நெல்லுக்கு அரிசி கணக்கிட என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. நடுநடுவே வேடிக்கையும் உண்டு. பலாப்பழத்தை வெட்டாமலே எத்தனை சுளை என்று சொல்ல வேண்டுமா? காம்பைச் சுற்றியிருக்கும் சின்ன முள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு என்கிறார் காரி நாயனார். நூறு முள் என்றால் 120 சுளை. சீஸனில் ஏற்காட்டுப் பக்கம் போகிறவர்கள் பழக்கடைக்காரரிடம் அனுமதி வாங்கிவிட்டு முயன்று பார்க்கலாம். எல்லாப் பழமும் இந்த விதிக்குக் கட்டுப்படும் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

நம்மவர்கள் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரர்களும் சளைத்தவர்கள் இல்லை. ராஷ்டிரகூட மன்னர் அமோகவர்ஷர் காலத்தில், 9-ம் நூற்றாண்டில், மகாவீராச்சாரியார் என்ற சமண அறிஞர் 'கணித சார சங்கிரகம்' எழுதினார். நூல் முழுக்க வழிக்கணக்குகள். அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் சென்னை பிரசிடென்சி காலேஜ் பேராசிரியர் எம். ரங்காச்சார்யா. சென்னை அரசாங்கமே 1912-ல் அச்சடித்து வெளியிட்டது. 12-ம் நூற்றாண்டில் பாஸ்கரர் எழுதிய லீலாவதியில் ஒரு தொட்டிக் கணக்கு வருகிறது. நாலு ஊற்றுகள். ஒன்று ஒரு நாளில் தொட்டியை நிரப்பும். அடுத்தது அரை நாளில், மூன்றாவது நாளில் மூன்றில் ஒரு பங்கில், நாலாவது ஆறில் ஒரு பங்கில். நான்கையும் ஒரே சமயத்தில் திறந்தால்? ஒரு நாள் முழுக்கத் திறந்திருந்தால் எத்தனை தொட்டி நிரம்பும் என்று பாருங்கள். 1, 2, 3, 6... ஆக 12 தொட்டி. ஒரு தொட்டிக்கு நாளில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது 2 மணி நேரம். இன்றைக்கு கோச்சிங் சென்டரில் 'பைப்ஸ் அண்ட் சிஸ்டர்ன்ஸ்' என்று சொல்லித்தருகிற ஷார்ட்கட் இதேதான்.

காக்பர்ன் நட்ட காப்பிக்கு இன்னொரு கணக்கு. காப்பித்தூள் கிலோ 600 ரூபாய், சிக்கரி 200 ரூபாய். கலந்து, 480 ரூபாய் அடக்கத்தில் ஒரு கிலோ வர வேண்டும். எந்த விகிதத்தில் கலப்பது? 480-க்கும் 200-க்கும் வித்தியாசம் 280. 600-க்கும் 480-க்கும் வித்தியாசம் 120. முதலாவது காப்பியின் பங்கு, இரண்டாவது சிக்கரியின் பங்கு. 280-க்கு 120, சுருக்கினால் 7-க்கு 3. கேட் மாணவர்கள் 'அலிகேஷன்' என்று சொல்லிக் குறுக்குக் கோடு போடுகிறார்களே, அது இதுதான். நம் பொற்கொல்லர்களுக்கு இது பரம்பரைச் சங்கதி. 10 மாற்றுத் தங்கம் மூன்று பங்கு, 6 மாற்றுத் தங்கம் ஒரு பங்கு சேர்த்து உருக்கினால் 9 மாற்று. பத்தரை மாற்றுத் தங்கம் என்று நாம் இப்போது நல்ல மனுஷனுக்குச் சர்டிபிகேட் கொடுக்கிறோம். அந்த வார்த்தை ஒரு கலவைக் கணக்கின் மிச்சம்.

ஆக, வழிக்கணக்கு என்பது தொழில். அதைத் தெரிந்தவனுக்கு ஊரில் மதிப்பு, கொஞ்சம் பயமும் உண்டு. கிராமக் கணக்கைக் கையில் வைத்திருந்தவர் கர்ணம். கணக்குப்பிள்ளை என்றும் சொல்வார்கள். யாருக்கு எத்தனை மா நிலம், யார் எவ்வளவு வரி பாக்கி, எல்லாம் அவர் நோட்டில்தான். திண்ணையில் பல ஜாதிப் பிள்ளைகளும் கணக்குப் படித்திருக்கலாம். ஆனால் கர்ணம் வேலை அப்பனிடமிருந்து பிள்ளைக்குத்தான் போனது. கணக்கு தெரிந்தால் மட்டும் போதாது, கணக்குப்பிள்ளை வீட்டில் பிறந்திருக்கவும் வேண்டும்.

இந்த இடத்தில்தான் தேர்வு என்கிற சமாசாரம் உள்ளே வருகிறது. 1855-ல் ஐ.சி.எஸ்.ஸுக்கு லண்டனில் போட்டித் தேர்வு. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம். வேலையைச் செய்வதற்காக இருந்த கணக்கு, வேலைக்கு ஆளைச் சலிக்கிற சல்லடையாக மாறியது. சல்லடை என்றால் ஓட்டை வழியாகச் சிலர் போவார்கள், பலர் மேலேயே நிற்பார்கள். மேலே நின்றவர்களில் ஒருவர் பெயர் ராமானுஜன்!

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்தார். கணிதத்தில் புலி. ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகை போயிற்று. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரி, அங்கேயும் எஃப்.ஏ. தேறவில்லை. இதில் ஒரு சுவாரஸ்யம். அவரைக் கணிதப் பைத்தியமாக்கிய ஜி.எஸ். கார் எழுதிய புத்தகம் இருக்கிறதே, அது ஏதோ மேதைகளுக்கான மகா காவியம் அல்ல. கார், கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பையன்களைத் தயார்செய்த டியூஷன் வாத்தியார். ஆயிரக்கணக்கான சூத்திரங்களை வரிசையாக அடுக்கிய அவருடைய புத்தகம், சுருக்கமாகச் சொன்னால், ஒரு கோச்சிங் மெட்டீரியல். கைடு படித்தால் மூளை மழுங்கிவிடும் என்று பிள்ளைகளைத் திட்டுகிற பெற்றோர் இதைக் கவனிக்கவும்.

சல்லடை கடல் தாண்டியும் போனது. அமெரிக்காவில் 1937-ல் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா நான்கும் சேர்ந்து ஜி.ஆர்.இ.யை நடத்திப் பார்த்தன. எம்.பி.ஏ.வுக்கான தேர்வு 1954-ல் வந்தது. அதற்கு ஜிமேட் என்ற பெயர் 1976-ல் ஒட்டியது. இந்தியாவில் 1961-ல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம். தொடங்கியது. இன்றைய ஜிமேட்டில் கணக்குப் பகுதிக்கு 45 நிமிஷத்தில் 21 கேள்விகள். கேள்விக்கு இரண்டு நிமிஷம் சொச்சம். அதில் கேட்கிற கணிதம் பத்தாம் வகுப்பைப் பெரிதாகத் தாண்டாது. பி.காம். படித்தவன் பயப்பட வேண்டிய விஷயம் எதுவுமே இல்லை. அப்புறம் ஏன் தடுமாறுகிறார்கள்?

1980-களின் தொடக்கத்தில் ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். முதலாண்டு என்ஜினீயரிங் மாணவர்கள் 150 பேரிடம் ஒரே ஒரு வாக்கியம். 'இந்தப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர்களைப் போல ஆறு மடங்கு மாணவர்கள் இருக்கிறார்கள்.' இதைச் சமன்பாடாக எழுதணும். 37 சதவிகிதம் பேர் தப்பு. 'ஆறு மாணவர் சமம் ஒரு பேராசிரியர்' என்கிற மாதிரி தலைகீழாக எழுதிவைத்தார்கள். காரணம்? ஆங்கில வாக்கியத்தில் 'ஆறு மடங்கு' முதலில் வருகிறது, 'மாணவர்கள்' அதை ஒட்டி வருகிறது, பேராசிரியர் கடைசியில் நிற்கிறார். கண் போன வரிசையிலேயே கையும் எழுதிவிட்டது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள்!

இப்போது மேலே உள்ள தமிழ் வாக்கியத்தை இன்னொரு முறை படியுங்கள். பேராசிரியர்... ஆறு மடங்கு... மாணவர். பேராசிரியர் எண்ணிக்கையை எடு, ஆறால் பெருக்கு, மாணவர் எண்ணிக்கை வந்துவிடும். வாக்கியமே சமன்பாடு! சும்மா தமிழ்ப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட், ஜிமேட் எழுதப் போகிற பிள்ளைகள் இதை ஓர் உத்தியாகவே வைத்துக்கொள்ளலாம். கேள்வியை ஆங்கிலத்தில் படி. மனசுக்குள் ஒரு முறை வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பார். அதற்கப்புறம் எக்ஸ், ஒய் எழுது. 'நாட் மோர் தேன்' என்றால் 'அதுக்கு மேலே போகக் கூடாது, அதுவரைக்கும் போகலாம்'. 'அட் லீஸ்ட்' என்றால் 'குறைஞ்சது அவ்வளவாவது'. 'அப்பாவுக்கு மகனைவிட 24 வயசு கூட' என்று வாயால் சொன்னவன், கூட்டலைத் தப்பான பக்கத்தில் போட மாட்டான்.

ஆனால் இது இரண்டு மொழியும் கைக்குள் இருப்பவனுக்குத்தான் உதவும். ஆங்கில வாக்கியத்தின் வாசலிலேயே நின்றுவிடுகிறவனுக்கு? ஏற்காட்டிலேயே பாருங்கள். 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் அங்கே இருக்கிறது. 1917-ல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளி இருக்கிறது. சசி தரூரும் ரோஜர் பின்னியும் நடிகர் விக்ரமும் மான்ஃபோர்ட்டில் படித்தவர்கள். அதே மலையில் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளிகளும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் பாடம் ஒன்றாகவே இருக்கலாம், ஏழும் மூணும் பத்து என்பதில் வித்தியாசமில்லை. கேட் தேர்வு மட்டும் ஆங்கிலத்தில்தான்.

சல்லடையை முழுக்கத் திட்டித் தீர்க்கவும் மனசு வரவில்லை. ஏனென்றால் கர்ணம் கதைக்கு ஒரு முடிவு உண்டு. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, பரம்பரை கிராம அதிகாரிகள் பதவியை ஒரே நாளில் ஒழித்தது. கோர்ட்டுக்குப் போனார்கள். 1982-ல் சுப்ரீம் கோர்ட்டும் சட்டம் செல்லும் என்றது. அந்த இடத்துக்கு வந்தவர்தான் வி.ஏ.ஓ. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுதி வருபவர். இப்போது குரூப் 4 தேர்வு வழியாக எடுக்கிறார்கள். 200 கேள்விகளில் 25 கணக்கும் அறிவுக்கூர்மையும். 'ஒரு வேலையை 12 பேர் 15 நாளில் முடித்தால்...' என்று அதே பழைய வழிக்கணக்கு, தமிழில். கணக்குப்பிள்ளையின் பேரனும் எழுதுகிறான், அவர் தாத்தா வீட்டு வாசலில் கைகட்டி நின்றவரின் பேத்தியும் எழுதுகிறாள். காரி நாயனாருக்கு இது தெரிந்தால் ஆச்சரியப்படுவார்.

மா, காணி, முந்திரியெல்லாம் எங்கே போயின? 1957 ஏப்ரல் 1-ம் தேதி ரூபாய்க்கு 100 காசு என்று ஆனது. பின்னாலேயே கிலோவும் லிட்டரும் வந்தன. அணாவும் படியும் போனதும் பின்ன வாய்ப்பாட்டுக்கு வேலை இல்லை. கால், அரை, முக்கால் மட்டும் பிழைத்துக்கொண்டன. வீசம் கிழவிகள் வாயில் கொஞ்ச நாள் இருந்தது.

கடைசியாக, ஏற்காட்டு பஸ்ஸுக்கே வருவோம். கைடுகளில் இந்தக் கணக்கின் அண்ணன் ஒருவன் இருக்கிறான். பஸ் 20 கிலோமீட்டர் வேகத்தில் மேலே ஏறியாகிவிட்டது. போக வர சராசரி 40 கிலோமீட்டர் வர வேண்டும் என்றால், எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? '60' என்று பட்டென்று வாயில் வரும். கொஞ்சம் பொறுங்கள். மலைக் கார் ஒன்றை வைத்து இதே கணக்கை மாக்ஸ் வெர்தைமர் என்ற உளவியல் அறிஞர் 1934-ல் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார். கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை விஷயம் தனக்கும் பிடிபடவில்லை என்று ஐன்ஸ்டீனே பதில் எழுதினார். 60 கிலோமீட்டரை 40 வேகத்தில் கடக்க ஒன்றரை மணி நேரம். நம்ம பஸ் ஏறுவதற்கே ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை.